தக்காச்சிஹோவின் இரவுக் ககுராவும் தீவகத்துக் காத்தவராயன் கூத்தும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகம் செல்வோர், மண்டைதீவுச் சந்தியைக் கடந்ததும் முதலில் அடையும் ஊர் அல்லைப்பிட்டியாகும். கடனீரேரியும் பனங்கூடலும் மணற்பரப்பும் சூழ்ந்த இவ்வூர் பரப்பிற் சிறியது. எனினும் அதன் வரலாறு நெடியது. 1977 ஆம் ஆண்டு இங்கு மேற்கொள்ளப்பட்ட அகழ்வாய்வில் சோங் அரசமரபுக் காலத்துச் சீன மட்பாண்டங்கள் வெளிப்பட்டமை, கீழைக் கடல்களிற் சென்ற மரக்கலங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கரையை அறிந்திருந்தன என்பதைப் புலப்படுத்தியது. அதன் அண்மைக்கால வரலாறோ துயர்மிக்கது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தினுள் நுழைந்தபோது மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்குப் பெயர்ந்தனர். பின்னர் மீண்டு வந்து குடியமர்ந்தோர் 2006 இல் மறுபடியும் அழிவைக் கண்டனர். அவ்வாண்டு மே 13 இல் சிறுபிள்ளைகள் உட்படக் குடிமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 13 இல் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் எறிகணை வீச்சுக்கு இரையாயினர். ஒரு வாரத்தின் பின் அப்பங்கின் தந்தையும் அவருடன் சென்றவரும் காணாமற் போயினர். ஊர் மீண்டும் வெறுமையாயிற்று.

போர் முடிந்த பின்னர் வீடுகள் பல திருத்தப்பட்டுள்ளன. ஆலயங்களும் தேவாலயங்களும், புலம்பெயர்ந்தோரின் உதவியாலும், புதுப்பொலிவு பெற்றுள்ளன. ஆயின் ஓர் ஊரின் வாழ்வு கட்டடங்களோடு முடிந்துவிடுவதில்லை. தீவகத்து ஊர்களிற் கோயிற் பொங்கலையும் தேவாலயப் பெருவிழாவையும் ஒட்டி விடிய விடிய நடைபெற்ற கூத்து, அவ்வாழ்வின் ஓர் உறுப்பாக இருந்தது. ஊர் கலைந்த பின்னர் அதன் கூத்து எங்கே வாழும் என்னும் வினா, எமக்கு வெறும் ஏட்டு வினாவாகத் தோன்றவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியாகவே, போரினாலன்றிக் காலத்தினால் ஆள் குறைந்துவரும் யப்பானிய மலையூர் ஒன்றின் ஆட்ட மரபை நம் தீவகத்து மரபுக்கு அருகில் வைத்து இக்கட்டுரையில் நோக்குகின்றோம்.

ஒப்பீட்டின் எல்லை

யப்பானையும் தமிழையும் இணைத்துப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருபவர் பேராசிரியர் சுசுமு ஓனோ ஆவார். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என அவர் வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் 1980களில் அவருடன் இணைந்து ஆய்வு செய்தமையும், தைப்பொங்கலையும் யப்பானியரின் சிறு புத்தாண்டு வழக்கங்களையும் ஒப்பிட்டு நோக்கியமையும் பலரும் அறிந்ததே. ஓனோவின் மொழியுறவுக் கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. நாமும் இங்கு அத்தகைய மூல உறவு எதனையும் நிறுவ முற்படவில்லை. யாரிடமிருந்து யார் பெற்றனர் என்ற வினாவை ஒருபுறம் வைத்து, இரு வேறு சமூகங்களில் இரவு முழுவதும் நிகழும் சடங்காட்டத்தை எது தாங்கி நிற்கின்றது என்றே கேட்கின்றோம். உறவின்றியும் ஒப்புமை தோன்றலாம். ஒத்த வாழ்க்கை நிலைமைகள் ஒத்த கலைகளைத் தோற்றுவிக்கும் என்பது சமூகவியலுக்குப் புதிய செய்தியன்று.

தக்காச்சிஹோவில் இருவகை இரவுகள்

யப்பானின் தென்தீவான கியூசூவில், மியாசாக்கி மாநிலத்தின் வடபால் மலைகளுக்கிடையே அமைந்தது தக்காச்சிஹோ. ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் மலைச்சரிவுகளில் படிபடியாக வெட்டப்பட்ட நெல்வயல்களும் கொண்ட இச்சிறு நகரம், யப்பானியத் தொன்மங்களோடு நெருங்கிய தொடர்புடையது. கி.பி. 712 இல் தொகுக்கப்பெற்ற 'கொஜிகி' என்னும் பழைய நூல் ஒரு கதையைக் கூறுகின்றது. ஞாயிற்றுத் தேவதையான அமத்தெராசு, தன் சகோதரனின் கொடுஞ்செயலால் வெறுப்புற்றுக் குகையொன்றினுட் புகுந்து வாயிலை மூடிக்கொள்கின்றாள். உலகு இருள்கின்றது. தேவர்கள் குகை வாயிலிற் கூடுகின்றனர். உசுமே என்னும் பெண் தெய்வம் கவிழ்த்த தொட்டியின் மேல் ஏறி ஆடுகின்றாள். தேவர்கள் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். சிரிப்பொலி கேட்டு வியந்த அமத்தெராசு கதவைச் சற்றே திறக்க, அங்கு மறைந்து நின்ற வலிமைமிகு தெய்வம் அவளை வெளியே கொணர்கின்றது. உலகு மீண்டும் ஒளி பெறுகின்றது. தெய்வங்களின் முன் ஆடப்படும் ஷின்தோ ஆட்டமான ககுரா, உசுமேயின் இவ்வாட்டத்திலிருந்தே தோன்றியது என்பது மரபுவழி நம்பிக்கையாகும்.

தக்காச்சிஹோவுக்குச் செல்லும் பயணி இருவகையான ககுராவைக் காணலாம். முதலாவது, தக்காச்சிஹோ கோயில் மண்டபத்தில் இரவு எட்டு மணிக்கு நிகழ்வது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நான்கு ஆட்டங்கள் ஆடிக்காட்டப்படுகின்றன. கட்டணம் செலுத்தி அமர்ந்தோர் பார்த்து மகிழ்ந்து தம் விடுதிக்குத் திரும்புகின்றனர். இரண்டாவது, நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ருவரி வரை, அறுவடைக்குப் பிந்திய குளிர்காலத்தில், சுற்றியுள்ள சிற்றூர்கள் ஒவ்வொன்றிலும் ஓர் இரவு நிகழ்வது. இதுவே 'யொககுரா' எனப்படும் இரவுக் ககுரா. மாலையில் ஊர்க்கோயிலிலிருந்து தெய்வம் ஊர்வலமாக ஒரு வீட்டுக்கு எழுந்தருளச் செய்யப்படும். அவ்வீட்டின் தடுப்புகள் அகற்றப்பட்டு ஒரே கூடமாக்கப்பட்டிருக்கும். நடுவே வைக்கோற் புரிகளாலும் வெட்டுவேலை செய்த வெண்தாள்களாலும் எல்லை வகுக்கப்பட்ட சதுரமான ஆடுகளம் அமைந்திருக்கும். பறையும் குழலும் ஒலிக்க, மொத்தம் முப்பத்து மூன்று ஆட்டங்கள் இரவு முழுவதும் தொடர்ந்து மறுநாட் பகலில் நிறைவெய்தும்.

ஆடுவோர் தொழில்முறைக் கலைஞரல்லர். அவ்வூரின் உழவரும் மரத்தொழிலாளரும் அலுவலகப் பணியாளருமே அவர்கள். 'பணிசெய்வோர்' எனப் பொருள்தரும் பெயராலேயே அவர்கள் அழைக்கப்படுகின்றனர். பார்ப்போருக்கு உணவும் அரிசி மதுவும் பகிரப்படுகின்றன. ஆண்தெய்வமும் பெண்தெய்வமும் மது வடித்துக் குடித்துத் தழுவிக்கொள்ளும் நகைச்சுவை ஆட்டத்தின்போது அவையோர் உரத்துச் சிரிக்கின்றனர். நள்ளிரவுக்குப் பின் சிலர் சுவரோரம் உறங்கிவிடுகின்றனர். குகைக்கதை ஆட்டங்கள் தொடங்கும் வேளையில் மீண்டும் விழிக்கின்றனர். குகையின் கதவு திறக்கும் கட்டம், இரவு கழிந்து ஒளி பரவும் வேளையோடு இசைந்துவருமாறு ஆட்ட ஒழுங்கு அமைந்துள்ளது. மேடைக்கான ஒரு மணி நேரச் சுருக்கத்தில் இடம்பெறவியலாதது இதுவே. கதவு திறக்கும் காட்சியை அங்கும் காட்டலாம். இரவு முழுவதும் காத்திருந்தோருக்கு விடிவதை அங்கே காட்டவியலாது.

தீவகத்தின் விடியாத இரவு

நம் நாட்டிற் கூத்து பல வடிவங்களை உடையது. மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும், மன்னாரின் வடபாங்கும் தென்பாங்கும், முல்லைத்தீவின் கோவலன் கூத்தும், யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய எஸ்தாக்கியார், தேவசகாயம்பிள்ளை முதலிய நாடகங்களும் அவற்றுட் சில. இவற்றுள் இரவுக் ககுராவோடு ஒப்பிட மிகவும் ஏற்றதாக நாம் கொள்வது, யாழ்ப்பாணப் பிரதேசத்தின் காத்தவராயன் கூத்தாகும். ஏனெனில் அது கதை நிகழ்த்தும் நாடகமாக மட்டுமன்றி நேர்த்திக்கடனாகவும் ஆடப்பட்டது.

காத்தவராயன் மாரியம்மனின் மகனாகப் போற்றப்படுபவன். மழை வேண்டியும், அம்மை முதலிய நோய்கள் நீங்க வேண்டியும், ஊருக்கு நலம் வேண்டியும் மாரியம்மன் ஆலய முன்றலில் இக்கூத்தை ஆடுவதாக நேர்ந்துகொள்வர். அறுவடைக்குப் பிந்திய கோடை மாதங்களே இதற்குரிய காலம். சிறுவனாகத் தோன்றிப் பின் இளைஞனாக வளரும் காத்தானின் பாத்திரத்தை, வயதுக்கேற்ப வெவ்வேறு நடிகர் ஒருவர்பின் ஒருவராக ஏற்பர். சிந்து மெட்டிலமைந்த பாடல்களுக்கேற்ப உடலை அசைத்து அடிபெயர்க்கும் நடை இக்கூத்துக்கே உரியது. 'சிந்துநடைக் கூத்து' என்ற பெயரும் அதனாலேயே வழங்குகின்றது. மெட்டும் நடையும் எளியவை. ஆதலால் அவையிலிருக்கும் சிறுவர் ஓரிரு ஆண்டுகளிலேயே பாடல்களை மனப்பாடமாக அறிந்துவிடுவர். நேற்றுப் பாயில் இருந்து பார்த்தவன் நாளை களரியில் ஏறுவான். இந்த இயல்பான கைமாற்றமே இக்கூத்தின் பள்ளிக்கூடம் எனலாம்.

கதையின் உச்சமும் விடியலை அண்டியே வருகின்றது. உயர்குலத்தவளாக வளர்ந்த ஆரியமாலையை விரும்பிய காத்தான், எல்லாத் தடைகளையும் மீறிச் சென்று இறுதியிற் கழுமரம் ஏறுகின்றான். களரியருகே நாட்டப்பட்ட கழுமரத்தில் அவன் பாடிக்கொண்டே ஏறும் வேளையை, அவையோர் வெறும் நாடகக் காட்சியாகக் கொள்வதில்லை. கைகூப்பி நிற்போரும் கண்ணீர் விடுவோரும் உண்டு. தக்காச்சிஹோவில் இரவின் முடிவில் ஞாயிறு வெளிப்படுகின்றது. தீவகத்தில் இரவின் முடிவில் மனிதன் ஒருவன் கழுவேறுகின்றான். இரு சமூகங்களும் தம் இரவை எவ்வாறு பொருள்கொண்டன என்பதற்கு இவ்வேறுபாடு ஒரு சான்றாகும். முன்னதில் உலக ஒழுங்கு மீள்கின்றது. பின்னதில் உலக ஒழுங்கை மீறியவன் தண்டனை பெற்றுத் தெய்வமாகின்றான்.

எது தாங்குகின்றது?

இரு மரபுகளையும் அருகருகே வைக்கும்போது மூன்று பொதுமைகள் தெளிவாகின்றன. முதலாவது இடம். யப்பானிய ஊரிற் குடியிருக்கும் வீடு ஓரிரவு தெய்வத்தின் இருப்பிடமாகின்றது. நம் ஊரிற் கோயில் முன்றலும் வயல்வெளியும் களரியாகின்றன. நாடகத்துக்கென்றே கட்டப்பட்ட அரங்கு இரண்டிலும் இல்லை. இரண்டாவது காலம். இரு ஆட்டங்களும் வேளாண் ஆண்டின் ஓய்வில் நிகழ்வன. ஓரிரவை முழுமையாகக் கொடுக்கக்கூடிய வாழ்க்கை ஒழுங்கை எதிர்பார்ப்பன. மூன்றாவது மனிதர். ஆடுவோன், பாடுவோன், பந்தல் இடுவோன், விளக்கேற்றுவோன், தேநீர் ஊற்றுவோன், பார்ப்போன் யாவரும் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அறிந்தவர்கள். காத்தானாக ஆடுபவன் யாருடைய மகன் என்பதும், எந்த நோய் தீர்ந்தமைக்காக அவன் ஆடுகின்றான் என்பதும் அவைக்குத் தெரியும். அந்த அறிவின்றிப் பார்ப்பவன் ஆட்டத்தின் ஒரு பகுதியையே பார்க்கின்றான்.

ஆகவே இக்கலையைத் தாங்குவன பாடலும் ஆட்டமும் மட்டுமல்ல. ஒருவர் மற்றவர்க்குக் கடமைப்பட்ட மனிதர் கூட்டமே அதனைத் தாங்குகின்றது. இதனை மறந்து ஏட்டையும் இசைத்தட்டையும் மாத்திரம் காத்துவைத்தாற் கலை காப்பாற்றப்பட்டதாகக் கருதுவது பிழையாகும்.

யப்பானின் அனுபவம் இதனை உறுதிப்படுத்துகின்றது. அந்நாடு 1950 ஆம் ஆண்டிலேயே பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கச் சட்டமியற்றியது. 1975 இல் அச்சட்டம் நாட்டார் நிகழ்த்துகலைகளையும் தனி வகையாக ஏற்குமாறு திருத்தப்பட்டது. தக்காச்சிஹோவின் இரவுக் ககுரா 1978 இல் நாட்டின் முக்கிய உருவமற்ற நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பாதுகாப்பிருந்தும், இளைஞர் பெருநகரங்களுக்குச் செல்வதையும் முதியோர் மட்டும் எஞ்சுவதையும் சட்டம் தடுக்கவில்லை. 2005 இல் வீசிய சூறாவளி அவ்வூருக்குச் சென்ற இருப்புப்பாதையைச் சிதைத்தது; அது மீண்டும் இயங்கவில்லை. வீட்டுக்கு வீடு முறைவைத்து நடந்த ககுரா, விருந்தோம்பும் சுமையைத் தாங்கவியலாத குடும்பங்கள் பெருகியமையால், இப்போது பல சிற்றூர்களில் பொதுமண்டபத்தில் நடைபெறுகின்றது. கோயில் மண்டபத்தின் ஒரு மணி நேரக் காட்சி வருவாய் தருகின்றது. இளையோருக்குப் பயிற்சியும் தருகின்றது. அதனை நாம் இழிவாகக் கருதவில்லை. எனினும் அது தாய்மரமன்று; தாய்மரத்திலிருந்து முளைத்த கிளையே. சிற்றூரின் நீண்ட இரவு நின்றுபோனால் மண்டபத்துக் காட்சி எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்பது கேள்விக்குரியதே.

நம் தீவகத்தில் அந்தத் தாய்மரம் மெல்ல உலரவில்லை, வெட்டப்பட்டது. கூத்தாடியோர் ஒரு கண்டத்திலும், பிற்பாட்டுப் பாடியோர் மறு கண்டத்திலும், ஏட்டுப் பிரதியை வைத்திருந்தோர் இடப்பெயர்வில் அதனை இழந்தோருமாகச் சிதறினர். புலம்பெயர் நகரங்களிற் காத்தவராயன் கூத்து மண்டபங்களில் மேடையேறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மண்டபம் இரவு பதினொரு மணிக்குப் பூட்டப்படும். கூத்து அந்நேரத்துக்குள் முடியவேண்டும். விடியலிற் கழுவேறியவன் அங்கு இரவுணவுக்கு முன்னரே கழுவேறுகின்றான்.

எந்த ஊரை மீட்பது?

இவ்விடத்தில் ஒரு தடையை நாம் நேர்மையோடு எழுப்பவேண்டும். ஊரே கூத்தின் உயிர் என்றால், பழைய ஊரை அப்படியே மீட்பதா எமது விருப்பம்? அவ்வாறு கூறமுடியாது. அந்த ஊர் எல்லோருக்கும் ஒரே ஊராக இருந்ததில்லை. யார் களரியில் ஏறலாம், யார் கோயில் வீதிக்குள் வரலாம், யார் எங்கே நின்று பார்க்கலாம் என்பனவற்றைச் சாதி வரையறுத்தது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர். பெண்கள் பார்வையாளராக மட்டுமே இருந்தனர். சாதி எல்லையை மீறிய காதலுக்காகக் கழுவேறியவனின் கதை, சாதி எல்லைகளை இறுகப் பேணிய ஊரில், அவ்வெல்லைகளைக் குலைக்காமலே ஆண்டாண்டாக ஆடப்பட்டது. காத்தானுக்காக அழுத கண்கள், கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவனைக் காணவில்லை.

இம்முரண்பாட்டை நம் முற்போக்குக் கலைஞர் முன்னரே கண்டுகொண்டனர். 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் கூர்மையடைந்த பின்னணியில், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தவராயன் கூத்தின் பாணியிலேயே நிகழ்த்தினர். பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை உருவாக்கியமை கலைக்குக் கிடைத்த மதிப்பாகும். அம்மதிப்போடு, கூத்தின் வடிவத்துக்குள் அதன் கதை எழுப்பும் வினாவையும் நேரே வைத்தது 'கந்தன் கருணை'. பின்னர் 2000களில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவருடன் இணைந்தோரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், மேடைக்கு எடுத்துவராமற் கூத்தாடும் ஊர்மக்களோடு அவர்களது களரியிலேயே இருந்து, சாதி, பால் தொடர்பான கருத்துகளை உரையாடலுக்குட்படுத்தியது. நாம் தேடும் விடைக்கு மிக அண்மையில் நிற்பது இம்முயற்சியே.

மரபைத் திருத்தினால் மரபு அழிந்துவிடும் என அஞ்சுவோருக்கு யப்பான் மற்றொரு பாடத்தையும் தருகின்றது. மேற்கு யப்பானிற் கோயிற் பூசகர்களே முன்னர் ககுரா ஆடினர். 1868 இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிமாற்றத்தை அடுத்துப் பூசகர் ஆடுவது தடைசெய்யப்படவே, ஆட்டம் குடியானவர் கைக்கு மாறியது. இன்று 'பழைமை' எனப் போற்றப்படும் குடியானவர் ககுரா அம்மாற்றத்தின் பயனாகும். இரண்டாம் உலகப் போரின் பின் ஹிரோஷிமாப் பகுதியிற் புதிய கதைகளும் புதிய வேகமும் கொண்ட ககுரா பிறந்தது. அதுவும் இப்போது மரபாகிவிட்டது. ஆண்களுக்கே உரியதாயிருந்த ககுராக் குழுக்கள் சிலவற்றில், ஆள் குறைந்தமையாலேனும், பெண்பிள்ளைகள் ஆடத் தொடங்கியுள்ளனர். ஆடும் உரிமை விரிந்த இடங்களில் ககுரா அழியவில்லை, அவ்விரிவினாலேயே பிழைத்தது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளை முன்வைக்கின்றோம். முதலாவதாக, கூத்துப் பற்றிய ஆவணப்படுத்தல் பாடலையும் தாளத்தையும் பதிவு செய்வதோடு நின்றுவிடலாகாது. யார் நேர்ந்தார், யார் பழக்கினார், பழகும் இரவுகளில் யார் வீட்டு முற்றம் பயன்பட்டது, யார் சமைத்தார், யார் அனுமதிக்கப்படவில்லை என்பனவும் பதிவுபெறவேண்டும். தீவகத்தின் முதிய அண்ணாவிமாரும் பிற்பாட்டுக்காரரும் அவர்களின் மனைவியரும் இன்னும் சிலரேனும் எம்மிடையே உள்ளனர். அவர்களின் நினைவே இப்போது எஞ்சியுள்ள ஏடு. மாணவர் இதனை ஆய்வேட்டுக்குரிய தலைப்பாக மட்டுமன்றி ஒரு கடமையாகவும் ஏற்கவேண்டும்.

இரண்டாவதாக, புலம்பெயர்ந்தோர் ஊருக்கு அனுப்பும் நிதி கோபுரத்துக்கும் மதிலுக்கும் செல்வதுபோல, அதில் ஒரு சிறு பங்கு ஓர் இரவுக் கூத்துக்கும் செல்லவேண்டும். கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பார்வையாளராக வந்து படம் பிடித்துச் செல்லாமல், ஊரில் எஞ்சியிருக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து சில கிழமைகள் பழகி, ஒரு பாத்திரத்தையேனும் ஏற்கலாம். காத்தானின் பாத்திரம் பலரிடையே பகிரப்படுவது இதற்கு வாய்ப்பானது; பாரிசிலிருந்து வந்த பிள்ளையும் அல்லைப்பிட்டியிற் பிறந்த பிள்ளையும் ஒரே காத்தானாக ஒருவரையடுத்து ஒருவர் ஆடவியலும்.

மூன்றாவதாக, அவ்வாறு மீளும் களரி முன்னையதிலும் அகன்றதாக இருத்தல்வேண்டும். முன்னர் தள்ளிவைக்கப்பட்டோரும் பெண்களும் அதில் ஏறாவிட்டால், நாம் மீட்பது கூத்தை அன்று, பழைய வேலியையே ஆகும்.

குகைக்குட் புகுந்த ஞாயிற்றை வெளியே கொணர்ந்தது பூசகரின் கட்டளையன்று. கூடியிருந்தோர் அனைவரின் சிரிப்பொலி என்று யப்பானியக் கதை கூறுகின்றது. அல்லைப்பிட்டியின் இரவு நீண்டதாக இருந்தது. அவ்விரவில் விழித்திருந்தோர் பலர் இன்று தொலைவில் உள்ளனர், பலர் இல்லை. எஞ்சியிருப்போரும் திரும்பி வருவோரும் ஒரு முன்றலிற் பாய்விரித்து, விடியும்வரை ஒருவரோடொருவர் அமர்ந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். கூத்து அக்காரணமாக அமையலாம். ஊர் இருந்தால்தான் கூத்து இருக்கும் என்பது உண்மையே. கூத்துக்காகக் கூடும் ஓர் இரவில், ஊர் என்பது மீண்டும் தொடங்கவுங்கூடும்.